தம்பி வீட்டு அறைக்கதவு

ராகலையில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு என் தம்பியுடையது. சென்ற ஆண்டு அவன் தன் அறைக்கதவுகளுக்குத் தானே வண்ணம் பூசினான். தூரிகைத் தடம் ஒன்றேனும் தெரியாத அந்த வழுவழுப்பை என் மனைவி தடவிப் பார்த்து வியந்தபோது என் நெஞ்சு எரிந்தது. மறுவாரமே எங்கள் படுக்கையறைக் கதவுக்கு நானும் வண்ணம் பூசத் தொடங்கினேன்.

பனிமூட்டம் விலகாத நாட்கள் அவை. முதற்பூச்சு இரண்டு நாளாகியும் விரலில் ஒட்டியது. அவனை விஞ்சிவிடும் அவசரத்தில், தேயிலைச் செடியில் வெட்டிப்போட்டுக் காய்ந்த மிலாறுக் குச்சிகளை இரும்புச் சட்டியிலிட்டுத் தீ மூட்டிக் கதவருகே வைத்தேன். கதவு காய்ந்தது, பறந்து படிந்த சாம்பலும் அதனோடு சேர்ந்து காய்ந்தது.

பார்க்க வந்த தம்பி சிரித்துவிட்டான்.

"என்னாண்ணே, கதவுக்கும் திருநீறு பூசிட்டீங்களா?"

"நீ எப்படிடா காய வச்ச?"

"நான் எங்க காய வச்சேன்? வெயில் வர்ற வரைக்கும் சும்மா இருந்தேன். ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு வாரம்ணே."

பிறகு அவனே உப்புத்தாளால் தேய்த்து, வெயில் பார்த்து மீண்டும் பூசிக் கொடுத்தான். வருவோரிடமெல்லாம் என் மனைவி இப்போது எங்கள் கதவைக் காட்டியும் அவனையே புகழ்கிறாள். அக்கதவில் ஒரு குறையாவது தென்படாதா என்று நான் நாள்தோறும் தேடுகிறேன், இதுவரை அகப்படவில்லை.