செயின் வண்டிக்கு மூலை வேண்டாம்

எங்கள் செஞ்சிப் பக்கத்தில் நெல் அறுக்க இரண்டு விதமான மிஷின் வரும். ஒன்று டயர் வண்டி, இன்னொன்று செயின் வண்டி. எது நல்லது என்று டீக்கடையில் ஆண்கள் சண்டை போடுவார்கள். டயர் வண்டி வேகமானது, தார் ரோட்டில் தானே ஓடி வந்துவிடும். ஆனால் கழனியில் ஈரம் இருந்தால் புதைந்துபோகும். செயின் வண்டி சேற்றிலும் போகும். ஆனால் ரோட்டில் ஓட்டினால் தேய்ந்துவிடும் என்று லாரியில் ஏற்றித்தான் கொண்டுவர வேண்டும். அவர்கள் சொல்வதெல்லாம் சரிதான். எனக்கு மட்டும் டயர் வண்டியைப் பிடிப்பதற்கு வேறு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை. நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது.

டயர் வண்டி அகலமாக வளைந்துதான் திரும்பும். அது திரும்ப இடம் வேண்டும் என்று, மிஷின் இறங்குவதற்கு முன்பே கழனியின் நான்கு மூலைகளையும் கையால் அறுத்துவிடுவார்கள். அறுத்தவளுக்கே மூலை நெல் என்பது எங்கள் ஊர் வழக்கம். ஏரிக்குக் கீழே இருக்கும் ஒரு அம்மாவின் கழனியில் மூலை அறுப்பவள் நான்தான்.

அந்த நெல்தான் மகன் வீட்டில் எனக்கு மரியாதை. மருமகளுக்கு என்னைக் கண்டால் ஆகாது. ஆனாலும் என் அரிசி மூட்டை கதவோரம் நிற்கும் வரையில் தட்டில் சோறு போடும்போது அவள் வாய் திறக்க மாட்டாள். மூட்டை இளைக்க இளைக்கத்தான் பேச்சு நீளும்.

செயின் வண்டி அப்படியில்லை. நின்ற இடத்திலேயே சுற்றித் திரும்பிக்கொள்ளும். அதற்கு மூலை வேண்டாம்.

போன தை மாதம், பக்கத்துக் கழனியில் ஒரு டயர் வண்டி புதைந்து, டிராக்டர் வைத்து இழுத்தார்கள். பாதி நெல் சேற்றோடு போயிற்று. அதைப் பார்த்துத்தான் அந்தம்மா செயின் வண்டிக்குச் சொல்லியிருக்கிறாள். என்னிடம் "நாளைக்கு மிஷின் வருது ஆயா" என்றதோடு சரி. எந்த மிஷின் என்று நான் கேட்கவில்லை.

விடிந்ததும் போய், எப்போதும் போலவே நான்கு மூலையும் தாராளமாக அறுத்து, தாளோடு அரி அரியாகக் கட்டி வைத்தேன். கோட்டை மலை மேல் வெயில் ஏறும்போது லாரி வந்து நின்றது. மேலே செயின் வண்டி.

டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்து ஆள். இறங்கிப் பார்த்துச் சிரித்தான். "யாருங்க இது, பந்து வெளையாடவா வெட்டி வெச்சிருக்காங்க?"

அந்தம்மா வரப்பில் நின்றபடி, "இன்னா ஆயா, மூலையிலயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்றாள்.

"டயர் வண்டின்னு நெனச்சுட்டேன் யம்மா."

"கேக்க வாய் இல்ல, அறுக்க மட்டும் கை இருக்குதா?"

"மூலை அறுத்தவளுக்குத்தானே யம்மா..."

"வண்டி மூலை கேட்டாத்தான் உனக்கு நெல்லு. இன்னா டிரைவரே, நீ கேட்டியா?"

"நான் கேக்கவே இல்லீங்க!"

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். என்னோடு நாற்று நட்டவளும் சிரித்தாள்.

"கட்டுன கைதானே, நீயே தூக்கி வண்டி வாயில போடு" என்றாள் அந்தம்மா.

வண்டி நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது. நான் கட்டிய அரிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப்போய் அதன் முன்னால் போட்டேன். போடப் போட உள்ளே இழுத்துக்கொண்டது. தாள் பின்னால் தூளாக விழுந்தது, நெல் மேலே தொட்டிக்குப் போயிற்று. ஒருவன் செல்லில் படம் பிடித்தான். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நான் நின்றபோது, "நிக்காத ஆயா, டீசல் எரியுது" என்று டிரைவர் குரல் கொடுத்தான்.

கடைசி மூலையும் காலியானதும் டிரைவர் வண்டியை அங்கே கொண்டுவந்து, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினான். "பாத்துக்க பாட்டி, இவ்ளோதான் எடம்!" மறுபடியும் கைதட்டிச் சிரித்தார்கள்.

அந்தம்மாவுக்கு மனசு இளகியது போலிருக்கிறது. "கீழ கொட்டுனத பொறுக்கிக்கோ. நான் இன்னா பாவியா?" என்றாள். சேற்றில் அமுங்கிய கதிரையெல்லாம் பொறுக்கினேன். முந்தானையில் ஒரு முடிச்சு.

நான் வீடு வருவதற்குள் படம் வந்துவிட்டது. மருமகள் வாசலில் உட்கார்ந்து செல்லில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையை அவளே பிரித்தாள். பார்த்துவிட்டு நெல்லைக் கோழிகளுக்கு இறைத்தாள்.

"இதக் குத்தி அரிசியாக்கறதுக்குள்ள கோழியாவது முட்டை வெக்கும்."

மத்தியானம் தட்டு வைத்தாள். ஒரு கரண்டி சோறு விழுந்தது. நான் தட்டை எடுக்காமல் இருந்தேன்.

"இன்னா அத்தே பாக்குற? வண்டி வாயில அவ்ளோ போட்டியே, அங்கயே சாப்ட்டுட்டு வந்திருக்கலாம்ல?"

எதிரில் மகன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு தன் தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "இன்னும் கொஞ்சம் போடு" என்றான். அவள் போட்டாள்.