ஆணியில் தொங்கிய பாஸ்வேர்டு

நான் செய்த தப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் நியாயம் பேச வரவேண்டாம். தொண்ணூறுகளின் கடைசியில், பேட்டையில் ஓர் உரக் கம்பெனியின் கிளை அலுவலகத்தில் கம்ப்யூட்டரைக் கவனிக்கும் வேலை எனக்கு. கப்பலில் வரும் உரத்தின் விவரமெல்லாம் தூத்துக்குடி அலுவலகத்து சர்வரில் இருந்தது. எங்கள் சர்வரிலிருந்து டெலிபோன் லைன் வழியாக அதற்குள் போய், எந்த லாரி எந்த ஊருக்கு என்று பார்க்கலாம், மாற்றலாம். அதற்கு, இங்கே இருப்பவர் அங்கே இன்னார் என்று ஒவ்வொருவரையும் தனித்தனிப் பெயரில் இணைக்க வேண்டும். நான் எங்கள் அலுவலகத்தில் இருந்த எட்டுப் பேருக்கும் சேர்த்து 'பேட்டை' என்று ஒரே பெயரைக் கொடுத்தேன்.

மேனேஜர் அண்ணாச்சி சொன்னார், கொடுத்தேன். அந்த அலுவலகத்தில் எதையாவது பூட்டி வைத்தால், அடுத்தவரைத் திருடன் என்று சொன்னதாக அர்த்தம். குடோன் சாவி வாசல் பக்கத்து ஆணியில் தொங்கும். வேண்டியவர் எடுப்பார், திரும்ப மாட்டுவார். பாஸ்வேர்டையும் ஓர் அட்டையில் எழுதி, ஓட்டை போட்டு, அதே ஆணியில் மாட்டினார் அண்ணாச்சி. எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கார் நெல் சாகுபடி நேரத்தில், முக்கூடலுக்குப் போக வேண்டிய ஆறு லாரி யூரியா கோவில்பட்டிக்குப் போய்விட்டது. முக்கூடல் விவசாயிகள் வந்து வாசலை அடைத்து நின்றார்கள். நட்ட பயிர் உரத்துக்காகக் காத்திருக்குமா? தூத்துக்குடி சர்வரில் பார்த்தால், ஊரை மாற்றியது 'பேட்டை' என்றிருந்தது. நாள் இருந்தது, நேரம் இருந்தது, ஆள் இல்லை.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. எங்கள் ஆபீசில் இளைத்தவள் லாரி அனுப்பும் பிரிவில் இருந்த மணப்பாட்டுப் பெண். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவள், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை. நாள் பூரா கம்ப்யூட்டர் முன்னால் இருப்பவள் அவள்தானே, அது ஒன்றுதான் சாட்சி. மறுநாளுக்குள் ராஜினாமாக் கடிதம் கொடுக்கச் சொன்னார்கள். தான் செய்யவில்லை என்று இரண்டு முறை சொன்னாள். மூன்றாம் முறை அழுதாள்.

அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டு, தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதச் சொன்னார்.

"கம்ப்யூட்டர் அந்தப் பொண்ணைத்தான் காட்டுதுன்னு ஒரு வரி போடும்மா. நீ சொன்னா நம்புவாங்க."

வந்ததே எனக்குக் கோபம்.

"அது யாரையும் காட்டலை அண்ணாச்சி. காட்டாதபடி வச்சது நான். வைக்கச் சொன்னது நீங்க. போகணும்னா நாம ரெண்டு பேரும்தான் போகணும்."

இந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே தான்தான் என்று பைய நினைவுபடுத்தினார். உண்மைதான். அதற்காக இன்னொருத்தி வாயில் மண்ணைப் போடுவேனா? நான் சொன்னதை அப்படியே எழுதி, கையெழுத்துப் போட்டு, அவர் கண் முன்னாலேயே ஃபேக்ஸில் அனுப்பினேன். வேலை போனால் போகட்டும்.

மறுநாள் காலையில் பஸ் ஏறித் தூத்துக்குடிக்குப் போய் 'பேட்டை'யை அழித்தேன். எட்டுப் பேருக்கு எட்டுப் பெயர். ஆறு பேர் பார்க்க மட்டும் செய்யலாம். ஊரை மாற்ற இரண்டு பேருக்குத்தான் அனுமதி: மணப்பாட்டுக்காரிக்கும் அண்ணாச்சிக்கும்.

ஆபீசில் ஒரே புகைச்சல். என்னோடு உட்கார்ந்து சாப்பிட ஆள் இல்லை. எங்களைச் சந்தேகப்படுதியா என்று ஒருவர் கேட்டார். ஆமாம், என்னையும் சேர்த்துத்தான் என்றேன். அட்டையைக் கிழித்தேன். ஆத்திரம் தீரவில்லை, சுத்தியலை எடுத்து ஆணியையும் பிடுங்கி, சாவியை அண்ணாச்சி மேசையில் வைத்தேன்.

தலைமை அலுவலகம் என் அறிக்கைக்குப் பதிலே போடவில்லை. லாரிகளை மாற்றியது யார் என்பதும் கடைசி வரை தெரியவில்லை. அதற்குப் பிறகு ராஜினாமாக் கடிதத்தையும் யாரும் கேட்கவில்லை.

மணப்பாட்டுக்காரி தன் பெயரை டைப் அடித்து உள்ளே போய், முக்கூடலுக்கு ஒரு லாரி போட்டாள். பக்கத்தில் அவள் பெயர் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எக்கா, இனி நான் செஞ்சா நாந்தான்னு தெரியும். செய்யலைன்னாலும் தெரியும்லா."

அண்ணாச்சியின் பாஸ்வேர்டை ஒரு கவரில் போட்டு ஒட்டி அவர் மேசையில் வைத்திருந்தேன். நான் அந்த வேலையை விட்ட நாள் வரை அவர் அதைப் பிரிக்கவே இல்லை.