குதியில் மூன்று அடுக்குத் தோல்

மேலத்தெரு வழியாக நீடாமங்கலம் சாலைக்கு நடந்துகொண்டிருந்தேன். அந்தத் தெருவில் எங்கள் ஆட்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டுதான் போவார்கள். நான் போட்டுக்கொண்டே வந்தேன். இடது செருப்பின் குதியில் மூன்று அடுக்குத் தோல் வைத்துத் தைத்திருந்தது. திண்ணையிலிருந்து ஒருவர் கத்தினார். நான் நிற்கவில்லை.

கால் கெட்டது, கூலி உயர்வு கேட்டு நாங்கள் அறுவடைக்கு இறங்காமல் இருந்த பருவத்தில். மிராசுதார் வெளியூர் ஆட்களை வயலில் இறக்கினார். மறிக்க ஓடினோம். வாய்க்காலைத் தாண்டும்போது பின்னங்காலில் தடியால் அடித்தது போலிருந்தது. விழுந்து திரும்பிப் பார்த்தேன். பின்னால் ஒருவரும் இல்லை.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் குப்புறப் படுக்கவைத்துக் கெண்டைக்காலைப் பிசைந்தார். பாதம் அசையவில்லை.

"குதிகால் நரம்பு அறுந்துபோச்சு. ஆபரேஷன் பண்ணித் தைச்சா மறுபடி அறுந்துபோறது குறைவு. ஆனா காயத்துல சீழ் வைக்கலாம். தைக்காம மாவுக்கட்டு போட்டாலும் சேரும். ஆனா மறுபடி அறுந்துபோற பயம் கொஞ்சம் கூட. எது வேணும்?"

"எது சீக்கிரம் சேத்துல இறங்க விடுமுங்க?"

"ரெண்டும் விடாதுய்யா."

காலில் வெட்டுக்காயத்தோடு நடவுக்கு இறங்கிய ஒருவனுக்கு விரல்கள் அழுகியதை நான் பார்த்திருந்தேன். மாவுக்கட்டு போதும் என்றேன். விரல் நுனி தரையைப் பார்க்கப் பாதத்தை வளைத்துக் கட்டினார்கள். கட்டைப் பிரித்த அன்று டாக்டர் கண்டிப்பாகச் சொன்னார்: இன்னும் மூன்று மாதம் குதி உயர்ந்தே இருக்க வேண்டும், வெறுங்காலில் ஓரடி வைக்கக் கூடாது. மறுபடி அறுந்தால் பிழைப்பு அதோடு போச்சு என்று எனக்கே தெரிந்தது.

சேற்றில் இறங்க முடியாத காலுக்கு ஊரில் வேலை இல்லை என்றுதான் செருப்போடு மேலத்தெரு வழியாகக் கிளம்பினேன். அன்று இருட்டுமுன் நீடாமங்கலம் போய்விட்டேன். மறுநாள் காலை ஒரு அரிசி மில்லில் வேலை கேட்டேன். களத்தில் பெண்கள் அவித்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்தார்கள்.

"செருப்பைக் கழட்டிட்டு இறங்குய்யா," என்றார் மேஸ்திரி.

"கழட்ட முடியாதுங்க. கால் சரியில்லை."

"நெல்லைச் செருப்புக் காலால மிதிப்பியா நீ?"

"மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வந்திருக்காருண்ணே, விடுங்க," என்றாள் ஒருத்தி. களமே சிரித்தது.

அவர் கேட்டதில் தப்பில்லை. நெல்லைச் செருப்போடு நானும் மிதித்ததில்லை. வாரைத் தளர்த்தக் குனிந்தேன். தளர்த்தாமலே நிமிர்ந்தேன்.

"வேற வேலை இருக்குங்களா?"

"உலைக்கு உமி தள்ளணும். அந்தச் சூட்டுல எவனும் ரெண்டு நாள் நிக்கிறதில்ல."

"அங்க செருப்போட நிக்கலாங்களா?"

"செருப்பில்லாம எவன்யா நிப்பான்?"

உமிக் கூடையை எடுத்துக்கொண்டு உலைப்பக்கம் போனேன்.