தாலி கட்டும் நேரத்தில் நின்ற கார்டு

என் ஓரகத்தி மேல எனக்குப் பொறாமை. சுத்தி வளைப்பானேன், அதான் உண்மை. கல்யாண வீடியோ எடுக்கிறது என் தொழில். எனக்குப் பின்னால இந்த வீட்டுக்கு வந்தவ, என்கிட்டயே கத்துக்கிட்டு, நான் தூக்கிக் குடுத்த பழைய கேமராவுல எடுக்கறா. இப்போ முதலியார்பேட்டையில பாதிப் பேரு "சின்ன மருமக வருமா?"ன்னுதான் கேக்குறாங்க. எப்படி இருக்கும் எனக்கு?

மாமாவோட அறுபதாம் கல்யாணம் அரியாங்குப்பத்துல ஒரு மண்டபத்துல. "தாலி கட்டுறதைப் பெரியவதான் எடுக்கணும்"னு அத்தை சொல்லிட்டாங்க. எனக்குத் தலை கால் புரியலை. சின்னவளும் ஓரமா நின்னு எடுத்துக்கிட்டிருந்தா. மாமா மஞ்சள் கயித்தைக் கையில எடுத்தாரு, கெட்டிமேளம் கொட்டுச்சு, என் புது கேமரா பட்டுன்னு நின்னுடுச்சு. மெமரி கார்டு வேகம் பத்தலைன்னு திரையில எழுத்து. மறுபடி ஓட விடுறதுக்குள்ள முடிச்செல்லாம் போட்டாச்சு.

பந்திக்குப் போறதுக்கு முன்னாடி சின்னவ என் கேமராவை வாங்கிப் பார்த்தா. "இன்னாக்கா, கார்டை ஃபார்மேட்டே பண்றதில்லையா?"

எப்படிப் பண்ணுவேன்? நல்லா வந்த துண்டுங்களை கார்டுலயே வெச்சிருப்பேன். மண்டபத்துல யாராச்சும் விசாரிச்சா அங்கேயே போட்டுக் காட்டி அடுத்த வேலையைப் பிடிக்கணுமே. மத்ததை மட்டும் அழிப்பேன். அழிச்ச இடம் இங்க கொஞ்சம், அங்க கொஞ்சம்னு காலியா கெடக்கும். பந்தியில அங்கங்க ஒரு இலைதான் காலின்னா, மொத்தமா வர்ற குடும்பம் ஆளுக்கொரு மூலையில உக்காரும் பாருங்க, அப்படித்தான். நீளமான வீடியோவைப் பிச்சுப் பிச்சு, இடம் தேடித் திணிக்கறதுக்குள்ள கார்டு திணறிப்போச்சு. அவ ஒவ்வொரு விசேஷம் முடிஞ்சதும் எல்லாத்தையும் லேப்டாப்புல ஏத்திட்டு கார்டை மொத்தமா துடைச்சு ஃபார்மேட் பண்ணிடுவாளாம். இதை நான் சொல்லிக்குடுக்கவே இல்லையே!

சாயங்காலம் வீட்டு டிவியில அவ எடுத்ததைப் போட்டாங்க. தாலி ஏறுற இடத்துல அத்தை முந்தானையால கண்ணைத் தொடச்சுக்கிட்டாங்க. "யாரு எடுத்தது இது?"ன்னு கேட்டாங்க. சின்னவ என் பக்கம்கூடத் திரும்பலை.

"அக்காதான் அத்தை."

அத்தை என் கன்னத்தை வழிச்சு நெட்டி முறிச்சாங்க. நானும் கன்னத்தைக் காட்டிக்கிட்டு நின்னேன். கார்டு விஷயத்துல இனிமே அவளை எட்டிப் புடிச்சுடுவேன். அந்த மனசுக்கு நான் எங்க போவேன், பாவி! அன்னியில இருந்து அவளைப் பார்த்தாலே முன்னைவிட எரியுது.