ஹிஸ்காவின் சலூனில் அடித்த அலை

ஹார்லிங்கன் துறைமுகத்தில் பௌஸ்த்ரா குடும்பம் என்றாலே இறால் படகுதான். தாத்தா, அப்பா, சித்தப்பாக்கள், அண்ணன் யெல்மர் எல்லோரும் வலை போட்டே வளர்ந்தவர்கள். அந்த வீட்டில் பிறந்த ஹிஸ்காவுக்கு மட்டும் கடல் ஒத்துக்கொள்ளவில்லை. சிறுமியாக இருந்தபோது அப்பா ஒருநாள் ஆசையாகப் படகில் ஏற்றிக்கொண்டு போனார். துறைமுக வாயைத் தாண்டுவதற்குள் அவள் காலையில் தின்ற ரொட்டியையும் சீஸையும் கடலுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டாள். அதன்பிறகு தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. முடி வெட்டக் கற்றுக்கொண்டு, துறைமுகத்துக்குப் பின் தெருவில் சலூன் போட்டாள். ஊர் மீனவர்களின் தலையிலிருந்து இறால் வாடையைக் கழுவி எடுப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

நாற்பது வயதுக்கு மேல் அவளுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. பக்கத்து நகரமான லேவார்டனில் ஒரு தோழி வீட்டில் உப்புநீர்த் தொட்டியைப் பார்த்தாள். ஊதா நிறத்தில் பவளம், அதன் விரல்களுக்கு நடுவே ஆரஞ்சு நிறக் கோமாளி மீன். அன்று மாலையே அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"கடலுக்குள்ள இவ்வளவு அழகு இருக்குன்னு நீங்க யாருமே சொல்லலையே!"

"நம்ம கடல்ல இதெல்லாம் ஏது? சேறும் இறாலும்தான்" என்றான் யெல்மர். "நீ பார்த்தது பணக்காரக் கடல்."

அந்தப் பணக்காரக் கடலைத்தான் ஹிஸ்கா சலூனுக்குக் கொண்டுவந்தாள். இரண்டு நாற்காலிகளுக்கு எதிரே, ஆள் நீளத்துக்கு ஒரு கண்ணாடித் தொட்டி. அதன் இடது ஓரத்தில், ஏரியில் மிகுந்த தண்ணீர் வழியக் கலிங்கு இருப்பதுபோல ஒரு வழிவாய் வைத்தாள். தண்ணீர் அந்த விளிம்பில் இருக்கும் சீப்புப் பற்களின் இடுக்கு வழியாக வழிந்து, குழாயில் இறங்கி, தொட்டியைத் தாங்கும் அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்குப் போகும். அங்கே அழுக்கு நீங்கியதும் மோட்டார் அதை மேலே ஏற்றிவிடும். சீப்பை வைத்துப் பிழைக்கிறவளுக்கு அந்தப் பற்களைப் பார்த்ததுமே மனசுக்குப் பிடித்துப்போயிற்று.

ஆனால் சில மாதங்களில் பவளம் சுருங்க ஆரம்பித்தது. மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. பாறைகளுக்குப் பின்னால் மட்டும் பழுப்பாக ஏதோ சளிபோலப் படிந்துகொண்டே வந்தது. கலிங்கு மேலே மிதப்பதைத்தான் இழுக்கும். அடியில் தங்கியதைக் கிளப்பிவிட அங்கே யாரும் இல்லை.

முடி வெட்டிக்கொள்ள வந்த யெல்மர் தொட்டியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். "அலையே இல்லாம என்ன கடல் இது? மாட்டுப் பண்ணை வாய்க்கால் மாதிரி இருக்கு."

"ஆடாம உட்காரு, காது போயிடும்" என்றாள் ஹிஸ்கா. ஆனால் அவன் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. அந்த வாரமே தண்ணீரில் அலை எழுப்பும் வேவ்மேக்கர் இரண்டு வாங்கினாள். உள்ளங்கையில் அடங்கும் மோட்டார்கள், காந்தத்தால் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். கலிங்குக்கு நேர் எதிர்ச் சுவரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினாள். கடலில் அலை ஒழுங்காக வருகிறதல்லவா என்று நினைத்து, இரண்டுக்கும் ஒரே தாளம் வைத்து, முழு வேகத்தில் ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் சனிக்கிழமை. நின்கா ஹூக்கமாவுக்குக் கல்யாணம். மணப்பெண் ஒரு நாற்காலியில், அவள் அம்மா இன்னொன்றில். யெல்மர் ஓரத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தான். அவனும் கல்யாணத்துக்குப் போகிறவன்தான், பிடரி முடியைச் சரிசெய்ய வந்திருந்தான்.

தொட்டியில் தண்ணீர் ஊஞ்சல் ஆடியது. மொத்தத் தண்ணீரும் இடது பக்கம் ஏறி, நின்று, வலது பக்கம் சாய்ந்து, மறுபடி இடது பக்கம் ஏறியது. ஒவ்வொரு முறை ஏறும்போதும் கலிங்கின் பற்களுக்கு மேலாகவே தபதபவென்று கொட்டியது. குழாய், எருமை கழுநீர் குடிப்பதுபோல உறிஞ்சிச் சத்தம் போட்டது.

"உள்ள யாராவது குளிக்கிறாங்களா?" என்று கேட்டாள் திருமதி ஹூக்கமா.

"இல்லைங்க, பவளத்துக்கு அலை வேணும்னு..." என்று ஹிஸ்கா ஆரம்பித்தபோதே ஒரு அலை விளிம்பைத் தாண்டி வந்து, கல்யாணத்துக்கென்றே வாங்கிய அந்த அம்மாளின் நீலச் செருப்பின் மேல் இறங்கியது.

"ஐயோ, உப்புத் தண்ணி!"

ஹிஸ்கா துண்டை எடுக்கத் திரும்பினாள். எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி, அதற்குள் தொட்டி, தொட்டிக்குள் ஆடும் தண்ணீர். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஆட்டம். ஒரு கையில் மணப்பெண்ணின் சுருள்முடி, இன்னொரு கை வாயில்.

"யெல்மர், இதைப் பிடி! விடாதே!"

சுருளை அண்ணன் கையில் திணித்துவிட்டுப் பின்கட்டுக்கு ஓடினாள். வலை இழுத்துக் காய்த்துப்போன அந்தக் கை, பறவைக்குஞ்சைப் பிடிப்பதுபோல நின்காவின் முடியைப் பிடித்துக்கொண்டு நின்றது. பின்கட்டிலிருந்து ஓங்கரிக்கும் சத்தம் வந்தது. பிறகு நின்கா முகத்தில் கைவைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"அசையாதேம்மா" என்றான் யெல்மர். "நான் இந்தத் தொழிலுக்குப் புதுசு."

அவள் அம்மாவும் ஈரச் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள். வெளுத்த முகத்தோடு ஹிஸ்கா திரும்பி வந்து, மோட்டாரை நிறுத்தி, அலங்காரத்தை முடித்து அனுப்பினாள். அன்று மாலை கல்யாண விருந்தில் மணமக்களைவிட அதிகமாகப் பேசப்பட்டது அவள்தான். தரையில் நின்றபடியே, சொந்தக் கடையிலேயே, கடல் மயக்கம் வந்த பௌஸ்த்ரா!

வெட்கத்தில் அலை மோட்டாரைத் தூக்கி எறிந்துவிடத்தான் நினைத்தாள். ஆனால் அன்றிரவே சலூனைத் திறந்து தொட்டியை எட்டிப் பார்த்தாள். பாறைக்குப் பின்னால் சளி இல்லை. சுருங்கிக் கிடந்த பவளம் விரல்களை நீட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை கடை விடுமுறை. சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு ஆரம்பித்தாள். மேலே இளஞ்சிவப்பு ஐசிங் பூசிய கேக்கோடு யெல்மர் வந்து சேர்ந்தான். வேடிக்கை பார்க்க வந்ததை அவன் மறைக்கவும் இல்லை.

"அந்தக் கலிங்கு ஓட்டையை அடைச்சிடேன். சத்தம் நிக்கும்ல?"

"அடைச்சா அப்புறம் கடல் தரையிலதான் இருக்கும். நீ கேக்கைத் தின்னு."

மீன் தீனியில் ஒரு சிட்டிகை தூவி, அது எங்கே போகிறது என்று பார்த்தாள். இரண்டு மோட்டாரின் தாளமும் சேர்ந்தால்தான் தண்ணீர் ஊஞ்சலாடுகிறது என்பது தெரிந்தது. மோட்டார்களைக் கலிங்கின் முகத்திலிருந்து விலக்கி, பின் சுவருக்கு மாற்றினாள். ஒன்றை முன்கண்ணாடியைப் பார்த்துத் திருப்பினாள். இன்னொன்றை இன்னும் தாழ்த்தி, பாறையின் காலடியைப் பார்க்க வைத்தாள். ஒன்று ஓயும்போது இன்னொன்று ஊதட்டும், அதுவும் ஒரே மாதிரி வேண்டாம் என்று தாளத்தைக் கலைத்துவிட்டாள். கீழிருந்து தண்ணீர் ஏற்றும் மோட்டாரையும் கொஞ்சம் அடக்கினாள். மட்டம் லேசாகத் தாழ்ந்தது.

ஊஞ்சல் நின்றது. தண்ணீரின் மேல்தோல் மட்டும் சிலிர்த்துக்கொண்டே இருந்தது. பாறைக்கு அடியிலிருந்து கிளம்பிய தூசி சுற்றிச் சுற்றி மேலே வந்து, நிதானமாகக் கலிங்கின் பற்களைத் தேடிப்போய் உள்ளே இறங்கியது. குழாயிடமிருந்து மூச்சே இல்லை.

யெல்மர் கேக்கைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டியருகே குனிந்தான். "கிளப்பிவிடறது ஒண்ணு, வாரிக்கிட்டுப் போறது ஒண்ணு" என்றான். "ரெண்டும் ஒண்ணையொண்ணு முறைச்சுக்கிட்டு நின்னாத்தான் தகராறு."

"இப்பத்தான் கண்டுபிடிச்சியா?" என்று சிரித்தாள் ஹிஸ்கா. தானும் அப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறாள் என்பதைச் சொல்லவில்லை.

தேனிலவு முடிந்து வந்த நின்கா கல்யாணப் படத்தைக் கொண்டுவந்து காட்டினாள். யெல்மர் பிடித்திருந்த இடது பக்கச் சுருள் மட்டும் மற்றதைவிடக் கொஞ்சம் தளர்ந்து, கன்னத்தில் அழகாக விழுந்திருந்தது. "எல்லாரும் இதைத்தான் கேக்கறாங்க, எங்க பண்ணினேன்னு!" யெல்மருக்கு இந்தச் செய்தி எட்டிய நாள் முதல், துறைமுகத்தில் அவன் தொல்லை தாங்கவில்லை.

பவளம் பாறையை மூடி வளர்ந்தது. கோமாளி மீன்கள் ஜோடி சேர்ந்து, கல்லின் அடியில் ஆரஞ்சு முட்டை வைத்தன. சலூனில் கூட்டம் கூடியது. தலையில் ஒரு முடிகூட இல்லாத மெயின்டர்ட் வாராவாரம் வர ஆரம்பித்தார்.

"உங்களுக்கு என்னத்தை வெட்டறது?" என்று கேட்டாள் ஹிஸ்கா.

"புருவத்தைக் கொஞ்சம் பாரேன்" என்றார் அவர், தொட்டியைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "அவசரமே இல்லை. மெதுவாப் பாரு."

ஹிஸ்கா அவர் கழுத்தில் துணியைக் கட்டி, நாற்காலியை மீன்கள் பக்கம் திருப்பிவிட்டு, காப்பி போடப் போனாள்.