வலப்பக்க வகிடு

எண்ணுகிற பழக்கம் எனக்கு எப்போது வந்தது என்று தெரியவில்லை. இன்றும் மாத்திரைப் பெட்டியை மூடுமுன் இரண்டு தடவை எண்ணுகிறேன். எண்ணி முடித்ததும், முதல் தடவை சரியாக எண்ணினேனா என்று கவலை வந்துவிடுகிறது. சிறுவயதில் எண்ணுவதற்கு அதிகம் இருக்கவில்லை. சுவிஸின் எம்மன்புரூக்கேயில் எங்கள் வீடு நான்காம் மாடியில் இருந்தது, அறுபத்துநான்கு படிகள். வீட்டில் அப்பா, அம்மா, நான் என்று மூன்று பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களைத் தேடி வருகிறவர்கள் எவருமில்லை. ஆகவே, அமெரிக்க விசா லொத்தருக்கான விண்ணப்பத்தில், பிள்ளைகள் என்ற இடத்தில் அப்பா இரண்டு என்று எழுதியபோது, அவர் பிழையாக எண்ணிவிட்டார் என்றுதான் நினைத்தேன்.

"ஒண்டுதானே அப்பா?" என்றேன்.

அப்பா பேனையை வைத்தார். குசினியில் அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தண்ணீர்க் குழாயின் சத்தம் நின்றது.

எனக்கு ஓர் அண்ணா இருப்பது தெரியும். யாழ்ப்பாணத்தில் கடல் இருக்கிறது என்று தெரிவதைப்போல. ஊரை விட்டு வெளிக்கிட்டபோது எனக்கு இரண்டு வயது, அவருக்கு நான்கு. எங்களைக் கூட்டி வந்தவர் ஒழுங்கு செய்த கடவுச்சீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் இடமிருந்தது. சின்னவனை விட முடியாது, பெரியவனை ஆறு மாதத்தில் கூப்பிடலாம் என்று சின்னம்மா வீட்டில் விட்டு வந்தார்கள். ஆறு மாதம் எட்டு வருடமாகியிருந்தது. எங்களுடையது ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிற தற்காலிக வதிவிட அனுமதி. அதை வைத்துக்கொண்டு இன்னொருவரைக் கூப்பிடுவது இலேசில்லை. போரில் இடம்பெயர்ந்து வன்னிக்குப் போன சின்னம்மாவிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து மூன்று வருடம்.

குலுக்கிப் பெயர் எடுக்கும் அந்த லொத்தர் பற்றி அப்பாவுக்குச் சொன்னவர் தொழிற்சாலையில் கூட வேலை செய்தவர். பெயர் விழுந்தால் முழுக் குடும்பத்துக்கும் நிரந்தர வதிவிடம். பிள்ளைகள் எங்கே இருந்தாலும் எல்லோரையும் எழுத வேண்டும். ஆனால் எழுதுகிற ஒவ்வொருவருக்கும் ஒரு புதிய படம் ஒட்ட வேண்டும். இந்தக் கடைசி விதியை அப்பா அன்றைக்குத்தான் வாசித்தார்.

"படம் இல்லாமல் அனுப்பினால் குப்பைக்குள்ளதான் போடுவாங்கள்" என்றார். "இவனை மட்டும் எழுதுவம். மற்றவனை விட்டது ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்" என்றார் அம்மா. "நீங்கள் எழுதுங்கோ. நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

மூன்று நாட்கள் இருவரும் கதைக்கவில்லை. அப்பா உப்பு வேண்டுமென்றால் என்னிடம் கேட்பார். அம்மா உப்பை என்னிடம் தருவார். நாலாம் நாள் காலை எனக்குத் தலை இழுத்துக்கொண்டிருந்த அம்மா, சீப்பை நிறுத்திவிட்டு என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு என் வகிட்டை அழித்து, வலப்பக்கமாக எடுத்தார்.

"இஞ்சருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோ."

அப்பா வந்து பார்த்தார். "பொய்யல்லோ இது?"

"அண்ணன் தம்பிக்கு ஒரே முகந்தானே. அவனுக்கு வலப்பக்கம் சுழி. வகிடு அங்காலதான் நிக்கும்."

"நாலு வயசில பாத்தது. இப்ப எப்பிடி நிக்கிறானோ."

அம்மா சீப்பால் என் வகிட்டை இன்னொரு தடவை நேராக்கினார்.

சனிக்கிழமை லுட்சேர்ன் ரயில் நிலையத்துக்குப் போனோம். அங்கே திரை போட்ட ஒரு பெட்டிக்குள் படம் பிடிக்கும் இயந்திரம் இருந்தது. முதலில் நான் நானாக இருந்தேன். நாலு தடவை வெளிச்சம் அடித்தது. பிறகு அம்மா தலையை மாற்றி இழுத்து, சட்டையையும் மாற்றினார். அப்பா முக்காலியை இரண்டு சுற்றுச் சுற்றி உயர்த்தினார். இரண்டு வயது மூத்தவனுக்கு இரண்டு சுற்று.

"பல்லைக் காட்டாதை. அவன் அப்பிடிச் சிரிக்கமாட்டான்" என்றார் அம்மா திரைக்கு வெளியிலிருந்து.

"அழுகிற மாதிரியும் வேண்டாம்" என்றார் அப்பா. "பிறகு அமெரிக்கன் பயந்துபோவான்."

வெளியே சிறிய நாயோடு ஒரு சுவிஸ் கிழவி தன் முறைக்குக் காத்திருந்தார். ஒரே பையனுக்கு இரண்டு வகிடு, இரண்டு சட்டை எதற்கு என்று அவருக்கு விளங்கவில்லை. நான் வெளியே வந்ததும் சிரித்துக்கொண்டு ஜெர்மனில் கேட்டார். அப்பா பதறிப்போய், தனக்குத் தெரிந்த சொற்களில் தேடி, இரட்டைப் பிள்ளைகள் என்று சொல்லிவிட்டார். கிழவிக்கு ஒரே சந்தோஷம். குனிந்து திரைக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே வெறும் முக்காலி.

"மற்றவன் எங்கே?" என்று கேட்டார்.

"பிறகு வருவான்" என்றார் அப்பா.

அம்மாவுக்கு அப்போது ஜெர்மன் அவ்வளவாகத் தெரியாது. ஆனாலும் அதைக் கேட்டதும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் நன்றாக நடிக்கவில்லை போலிருக்கிறது என்று பயந்தேன்.

வீட்டில் மேசை விளக்கின் கீழ் படங்களை வெட்டி ஒட்டினார்கள். அம்மா கையெழுத்து வைத்தார். பிள்ளைகள் இரண்டு. திங்கட்கிழமை கடிதம் போனது.

அதற்குப் பிறகு ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தேன். வலப்பக்கம் வகிடு எடுத்துக்கொண்டு அம்மா முன்னால் போய் நின்றால், அவருடைய குரல் மாறும். "ராசா" என்பார். பால் வேண்டுமா என்று கேட்பார். இடப்பக்க வகிட்டுக்கு அந்தக் குரல் வருவதில்லை. வீட்டுப்பாடம் செய்தாயா என்பதோடு சரி. அது அதிர்ஷ்டமான வகிடு என்று முடிவு செய்தேன். வகுப்பில் என்னோடு விளையாட அதிகம் பேர் இல்லாத காலம். அந்தக் குளிர்காலத்தில் பதினொரு தடவை குளியலறைக் கண்ணாடி முன் நின்று தலையை நனைத்து மாற்றி இழுத்தேன். பத்துத் தடவை பலித்தது.

வென்றவர்களுக்கு மட்டுமே கடிதம் வரும் என்றார்கள். அப்பா தினமும் கடிதப் பெட்டியைத் திறந்து பார்த்தார். அமெரிக்காவிலிருந்தும் வரவில்லை, வன்னியிலிருந்தும் வரவில்லை.

பதினோராவது தடவை, அம்மா ஹோட்டல் அறைகளைச் சுத்தம் செய்துவிட்டு வந்து, வேலை உடுப்போடு சோபாவில் தூங்கிக்கொண்டிருந்தார். பள்ளிக்கூடத்தால் வந்த நான் தலையை மாற்றி இழுத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றேன். அவர் கண்ணைத் திறந்தார். அசையாமல் என்னையே பார்த்தார்.

"எப்ப வந்தனி?"

"நாலு பத்துக்கு" என்றேன்.

"எப்பிடி வந்தனி, ராசா?"

"நடந்துதான் அம்மா."

"அவ்வளவு தூரமும் நடந்தோ?"

"தொளாயிரத்துப் பன்னிரண்டு அடிதான்" என்றேன். எண்ணிக்கொண்டே வந்திருந்ததால் எனக்குப் பெருமை.

அம்மா எழுந்து உட்கார்ந்தார். சுவரைப் பார்த்தார், என் புத்தகப்பையைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். பிறகு விரல்களாலேயே என் தலைமயிரை இடப்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, குசினிக்குள் போனார். நெடுநேரம் வெளியே வரவில்லை.

நான் கணக்கைப் பிழையாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூட வாசலிலிருந்து மறுபடியும் எண்ணிக்கொண்டு வந்தேன். தொளாயிரத்துப் பன்னிரண்டுதான்.