முன்சக்கரத்து எலுமிச்சை

எலுமிச்சம்பழத்தைப் பிழிவதற்கு முன் உள்ளங்கையில் வைத்து உருட்டும் போதெல்லாம் எனக்கு ஆழ்துளைக் கிணறு போடும் ஒரு ரிக் வண்டியின் முன்சக்கரம் நினைவுக்கு வந்துவிடும். சமையலறையில் நிற்கிறவளுக்கு லாரிச் சக்கரம் எதற்கு என்று கேட்டால், அது டிரில்லரால் வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஊரே அவரை டிரில்லர் என்றுதான் கூப்பிட்டது, நானும் அப்படியே சொல்லிவிடுகிறேன். ஜேடர்பாளையத்தில் காவிரி கரை தொட்டு ஓடினாலும் எங்கள் மேட்டுக்காட்டுக்கு ஒரு சொட்டு ஏறாது. அங்கே போர் போட வந்தவர் அவர். தலை முதல் கால் வரை கல்மாவு படிந்து, கண்கள் மட்டும்தான் ஆளாகத் தெரிந்தன. தண்ணீரைக் காணோம், கல்புகைதான் வருகிறது, போதும், நிறுத்திவிடு என்று அப்பா சலித்துக்கொண்டபோது, "இன்னும் ஒரே ஒரு ராடு இறக்கிப் பாக்கலாமுங்க" என்றார். அந்த ஒரு இரும்புத் தண்டு கூடுதலாக இறங்கியதும் தண்ணீர் பீறிட்டு வந்தது. அப்பாவுக்குத் தண்ணீர் கிடைத்தது. எனக்குக் கிடைத்தது வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

ரிக் வண்டிக்காரர்களின் வாழ்க்கை பாதி வடநாட்டில். மழைக்காலத்தில்தான் அவர் ஊர் திரும்புவார், மற்ற நாளெல்லாம் போன்தான். வீட்டில் சொல், வீட்டில் சொல் என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். அக்கா கல்யாணம் முடியட்டும் என்றேன். பிறகு அப்பாவின் முட்டி ஆபரேஷன் முடியட்டும் என்றேன். எங்கள் வீட்டில் வேலைக்கா பஞ்சம்! கேட்டுக் கேட்டு அவர் குரலில் இருந்த சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது எனக்குத் தெரியாமல் இல்லை.

அந்த டிசம்பரில் அவர் புது ரிக் ஒன்றில் பங்குதாரர் ஆனார். மார்கழி பிறந்துவிட்டால் புது வண்டியை எடுக்க மாட்டார்கள், அதனால் கார்த்திகையின் கடைசி ஞாயிறன்று நாமக்கல் பட்டறையில் பூஜை. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என்று சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கிக்கொண்டுதான் வண்டி கிளம்பும். முன்சக்கரத்துப் பழத்தை வீட்டுப் பெண் வைப்பது அவர்கள் வழக்கம். அவருக்கு அம்மா இல்லை. "இந்தத் தடவ நீதான் வெக்கோணும் அம்மணி. எல்லாரும் பாக்க வெக்கோணும்" என்றார். பழத்தை வைத்துவிட்டால் அதற்குமேல் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியிருக்காது. வருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். மனதாரத்தான் கொடுத்தேன்.

மார்கழி எங்கள் வீட்டையும் விரட்டியது. அதே ஞாயிறுதான் அக்காவுக்குக் கட்டுச்சோறு. மாசமாக இருக்கும் பெண்ணுக்குப் பிறந்த வீட்டிலிருந்து விதவிதமாகச் சோறு கட்டிக்கொண்டு போய், விருந்து முடிந்ததும் அவளைப் பிரசவத்துக்கு அழைத்து வருகிற சடங்கு. விடியும் முன்பே புளிச்சோறும் தேங்காய்ச் சோறும் தயாராகிவிட்டன. எலுமிச்சைச் சோற்றுக்குப் பழம் பிழிந்துகொண்டிருந்த அம்மா, "நல்ல பழமா ஒண்ணு இருந்துச்சே, காணமே சாமி?" என்றாள். அது என் கைப்பையில் கைக்குட்டைக்குள் இருந்தது. "எனக்குத் தெரியலீங்மா" என்று சொல்லிவிட்டுக் கறிவேப்பிலை உருவப் போனேன்.

சேந்தமங்கலத்தில் அக்காவின் மாமியார் வீட்டில் பந்திக்கு இலை போட்டதும் நான்தான், இலை எடுத்ததும் நான்தான். விருந்து முடிந்ததும் எல்லாரையும் வேனில் ஏற்றிவிட்டு, தோழி வீட்டுக்கு என்று சொல்லி நான் பஸ் பிடிப்பதாகத் திட்டம். ராகுகாலத்துக்கு முன் பட்டறைக்குப் போய்விடலாம். வேன் கதவருகே அக்கா என் கையைப் பிடித்தாள். கால் இரண்டும் வீங்கியிருந்தன. போன வருடம் அவளுக்கு முதல் கரு தங்கவில்லை. "நீ எங்கூடவே உக்காரு. எனக்குப் பயமா இருக்குதுடி" என்றாள். நான் ஏறி உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் மடியில் இருந்த பைக்குள் போன் அதிர்ந்து அதிர்ந்து ஓய்ந்தது. என் கை அக்காவின் கைக்குள் இருந்தது. நாமக்கல்லில் பட்டறையைக் கடந்தபோது வண்டி இல்லை. பூசணிக்காய் உடைத்த குங்குமச் சிவப்பும், தரையோடு தரையாக நசுங்கிய எலுமிச்சைத் தோலும்தான் கிடந்தன. அழுதால் அக்கா பயந்துவிடுவாள் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பொழுது சாய்கையில் அவரே கூப்பிட்டார்.

"மூணு சக்கரத்துக்குத்தான் பழம் வெச்சோம். முன்னால இடது பக்கம் உனக்குன்னு உட்டுட்டேன். வேற ஆரையும் வெக்க உடல."

"பழம் வெக்காமயா வண்டிய எடுத்தீங்க?" என்று பதறினேன். "ஏனுங்க, அடுத்த தடவ கண்டிப்பா வாரனுங்க."

"இன்னொரு ராடு இன்னொரு ராடுன்னு இறக்கறவனே நாந்தான். எனக்கே சலிச்சுப்போச்சு அம்மணி" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. பிறகு போன் வருவது குறைந்து, ஒரு நாள் நின்றே போனது.

அன்று வேனில் ஏறியது தப்பு என்று யாராவது சொன்னால் இன்றும் சண்டைக்குப் போவேன். அக்காவின் கையை உதறிவிட்டு வைக்கிற பழம் எந்த வண்டியைக் காக்கும்? ஆனால் ஏங்குவதற்கு நியாயமெல்லாம் தெரியாது. ரோட்டில் எந்த ரிக் போனாலும் என் கண் முதலில் முன்பக்கத்து இடது சக்கரத்துக்குத்தான் போகும்.

இந்த டிசம்பரிலும் கார்த்திகை முடிகிற ஞாயிறு வந்தது. அக்கா மகளுக்குக் காதுகுத்து. பழம் வாங்கி வரும்படி அக்கா சொல்லியிருந்தாள், பை நிறைய வாங்கிக்கொண்டு சேந்தமங்கலம் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். நாமக்கல் பட்டறை முன்னால் கூட்டத்தில் பஸ் நின்றது. செவ்வந்தி மாலையோடு, மறுபடி வடக்கே கிளம்பத் தயாராக, அவருடைய அந்த வண்டி. அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாகக் கேள்விப்பட்டிருந்தேன். புதுச்சேலை கட்டிய ஒரு பெண் குனிந்து, இடது சக்கரத்துக்கு அடியில் பழத்தை வைத்துவிட்டு, சேலையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்து நின்றாள். நன்றாகத்தான் வைத்தாள். வண்டி உறுமியது. பழம் நசுங்குவதற்குள் எங்கள் பஸ் கிளம்பிவிட்டது.

காதுகுத்து வீட்டில் அக்கா என் பையை வாங்கி ஒரு பழத்தை எடுத்து உருட்டிப் பிழிந்தாள். "நல்ல சாறுடி, பாத்துத்தான் பொறுக்கியிருக்கற" என்றாள்.